அளவுகோல் நண்பன்

பீரோவை மாடிக்கு ஏற்ற இரண்டு பேர் வேண்டும். மேல்முனையைப் பிடிப்பவர் பின்பக்கமாகவே படியேறுவார். கால் வைக்கும் இடம் அவருக்குத் தெரியாது. கீழ்முனையைப் பிடிப்பவர் பாரத்தையும் தாங்கி, மேலே இருப்பவரின் கால் எங்கே போகிறது என்று எட்டிப் பார்த்துச் சொல்லவும் வேண்டும். கீழே இருப்பவரின் கை நழுவினால் பீரோ அவர் மேல் விழும். மேலே இருப்பவரின் கை நழுவினாலும் அது கீழே இருப்பவர் மேல்தான் விழும். வீடு மாற்றித் தரும் கம்பெனிகளில் நடக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை யார் கீழே நிற்பது என்பதைப் பற்றியவை.

இந்தச் சண்டையை ஒழிக்கத்தான் அந்தக் கம்பெனி ரோபோ வாங்கியது. குட்டையாக, அகலமாக, ரப்பர் பாதங்களோடு இருந்தது. மஞ்சள் பெயின்ட் அடித்திருந்தார்கள். கனமான சாமான்களை மட்டும் தூக்குபவரும், அதனாலேயே பீரோக்காரர் என்று பெயர் பெற்றவருமான ஒருவரோடு அதை ஜோடி சேர்த்தார்கள். அவர் அதைத் தம்பி என்றார். கம்பெனியில் இளையவர்கள் அவரைக் கூப்பிடுவதைக் கேட்டு அது அவரை அண்ணே என்றது. அன்று முதல் அவர் படிக்கட்டுகளில் பின்னால் திரும்பிப் பார்த்ததே இல்லை.

பிறகு தம்பியின் ஆயுள் முடிந்தது. அது நன்றாகத்தான் இருந்தது. காகிதத்தில் முடிந்துவிட்டது.

ஆயுள் முடிந்த இயந்திரங்களை நொறுக்கிவிட வேண்டும் என்பது சட்டம். ஆனால் சட்டம் இயற்றப்பட்ட அன்று அவையில் ஒருவர் தன் வீட்டு ரோபோ நாயை நினைத்து அழுதுவிட்டதால், ஒரு விலக்கைச் சேர்த்திருந்தார்கள். மனிதரோடு உண்மையான நட்பு கொண்டிருப்பதாக நிறுவப்படும் இயந்திரத்தை நொறுக்கக் கூடாது. உண்மையான நட்பு எது என்று சட்டம் சொல்லவில்லை. அதைச் சொல்வதற்காக நட்புச் சரிபார்ப்பு ஆணையம் அமைக்கப்பட்டது. அதுவும் இன்னும் சொல்லவில்லை என்றாலும், தேடிக்கொண்டிருந்தது.

"மாசக் கடைசியில நொறுக்கு ஆலை வண்டி வரும்" என்றார் கம்பெனி மேனேஜர். "அதுக்குள்ள ஆணையத்துல காகிதம் வாங்கிட்டு வந்தா வெச்சுக்கலாம். இல்லேன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது."

பீரோக்காரர் தம்பியைக் கூட்டிக்கொண்டு ஆணையத்துக்குப் போனார்.

முன்பக்க ஜன்னலில் குமாஸ்தா இருந்தார்.

"யாருக்காக வந்திருக்கீங்க?"

"தம்பிக்காக."

"தம்பி எங்கே?"

"இதோ நிக்குதே சார்."

குமாஸ்தா பேனாவை மூடினார். "தம்பின்னா அது எங்க கேஸ் இல்லையே. தம்பி உறவு. நாங்க நட்பு மட்டும்தான் பார்க்கிறோம். உறவு எதிர்க் கட்டடம்."

"சும்மா கூப்பிடறதுதான் சார்."

"நீங்க சும்மா கூப்பிடறீங்க. நான் சும்மா எழுத முடியுமா? நாளைக்கு இது சொத்துல பங்கு கேட்டா யார் பதில் சொல்றது?"

"சொத்தே இல்ல சார்."

"அது உங்க கஷ்டம். எனக்கு இது உங்க தம்பி இல்லைன்னு அங்கேயிருந்து ஒரு சான்று வேணும்."

எதிர்க் கட்டடத்தில் பீரோக்காரரின் அம்மாவை அழைத்துவரச் சொன்னார்கள். அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாள். உறவு அதிகாரி தம்பியைச் சுட்டிக்காட்டி, இது தன் வயிற்றில் பிறக்கவில்லை என்று அம்மா உறுதி கூறுகிறாளா என்று கேட்டார். அம்மா தம்பியை ஒருமுறை சுற்றி வந்து பார்த்தாள்.

"எம் பையன் ஜாடை இல்ல. அதுவும் இது சொன்னா கேட்குது."

"பிறந்தது, பிறக்கலை, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கம்மா."

"பொறக்கல. பொறந்திருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்."

அதிகாரி முதல் வாக்கியத்தைச் சான்றில் எழுதினார். இரண்டாவதை, விருப்பம் தெரிவிக்கப்பட்டது என்று ஓரத்தில் குறித்துக்கொண்டார். பீரோக்காரர் அம்மாவிடம், "எல்லார் முன்னாடியும் இப்படியா சொல்லுவே" என்றார். "சத்தியம் பண்ணச் சொன்னாங்களே, பொய்யா சொல்ல முடியும்" என்றாள் அம்மா.

படியிறங்கும்போது தம்பி கேட்டது: "அண்ணே, இனிமே அண்ணேன்னு கூப்பிடலாமா?"

"ரோட்டுக்குப் போனப்புறம் கூப்பிடு."

விசாரணை தொடங்கியது. ஆணையத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். தலைவர் பல துறைகளில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். உறுப்பினரான பேராசிரியை, நட்பைப் பற்றித் தடிமனான புத்தகம் ஒன்றை எழுதியவர். அந்தப் புத்தகத்தை அவர் யாருக்கும் காணிக்கையாக்கவில்லை என்பதைத் தலைவர் பெருமையாகச் சொன்னார்.

தலைவர் தொடக்க உரை ஆற்றினார். எதிரே பீரோக்காரரும் தம்பியும் மட்டுமே இருந்தாலும் ஒலிபெருக்கியில்தான் பேசினார்.

"நட்புக்குப் பயன் இருக்கக் கூடாது. பயன் வந்துவிட்டால் அது கொடுக்கல் வாங்கல். இந்த விஷயத்தில் எனக்கு எந்தச் சாய்வும் கிடையாது. என் பணிக்காலத்தில் காரணமில்லாமல் ஒரு மனிதரோடும் நான் பேசியதில்லை. காரணமில்லாமல் யாரும் என்னோடு பேசவும் இல்லை. ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து என் வீட்டு அழைப்பு மணி அடித்ததே இல்லை. இப்படி எந்தப் பக்கமும் ஒட்டாத ஒருவர்தான் வேண்டும் என்று தேடி என்னை இங்கே நியமித்தார்கள்."

பீரோக்காரர் கைதட்டலாமா என்று யோசித்தார். தம்பி தட்டிவிட்டது.

முதல் சோதனை, பயனின்மை அறையில். இரண்டு நாற்காலிகள், சுவரில் ஒரு கண்ணாடி, கண்ணாடிக்கு மறுபக்கம் பேராசிரியை. இருவரும் அங்கே உட்கார்ந்து எந்தப் பயனும் இல்லாமல் இருக்க வேண்டும். நாற்காலியில் தம்பி கொள்ளவில்லை. நின்றது.

"அண்ணே, இப்போ நாம என்ன செய்யறோம்?"

"சும்மா இருக்கோம்."

கொஞ்ச நேரம் போனது.

"நான் சரியா செய்யறேனா?"

"நல்லா செய்யறே."

அறை புழுங்கியது. ஜன்னல் இருந்தது, ஆனால் அதை மறைத்துப் பழைய காகிதங்கள் அடைத்த ஓர் இரும்பு பீரோ நின்றது. பீரோக்காரர் அதைப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார். கடைசியில் எழுந்து ஒரு முனைக்குப் போனார். தம்பி மறுமுனைக்குப் போனது. பீரோ நகர்ந்தது, ஜன்னல் திறந்தது, தெருவின் காற்று உள்ளே வந்தது.

பேராசிரியை கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தார். "என்ன காரியம் செஞ்சீங்க? இது பயனின்மை அறை. பயன் உண்டாக்கிட்டீங்களே."

"காத்து வரலைங்க மேடம்."

"காத்து வந்தா அது பயன்தானே." ஆனாலும் அவர் ஜன்னலருகே வந்து நின்றார். முன்நெற்றி மயிர் பறந்தது. சற்று நேரம் கழித்து வேறு குரலில் கேட்டார்: "என் ரூம்லகூட இதே மாதிரி ஒண்ணு ஜன்னலை அடைச்சுக்கிட்டு நிக்குது. அதையும் கொஞ்சம்..."

அதையும் நகர்த்தினார்கள். தலைவர் தன் மேசை சுவரைப் பார்த்திருப்பதாகச் சொன்னார். அதைத் திருப்பிப் போட்டார்கள். குமாஸ்தா தன் அலமாரியை ஒரு மாடி கீழே இறக்கினால் நன்றாயிருக்கும் என்றார். சாயங்காலம் குறிப்பு வந்தது: கவனித்த நேரம் முழுவதும் விண்ணப்பதாரர்கள் பயனுள்ளவர்களாகவே இருந்தபடியால் சோதனையில் தேறவில்லை, மீண்டும் வரவும். வரும்போது கயிறு கொண்டுவரவும்.

அடுத்த முறை தம்பியைத் தனியாக விசாரித்தார்கள். பீரோக்காரர் கதவுக்கு வெளியே பெஞ்சில் இருந்தார். கதவு சரியாகச் சாத்தப்படாததால் எல்லாம் கேட்டது.

"இவர் சொன்னதை நீ எப்பவாவது செய்யாம இருந்திருக்கியா?" என்றார் பேராசிரியை.

"இல்லைங்க."

"அப்போ நீ கருவி. கருவியோட நட்பு கிடையாது."

"செய்யாம இருந்திருந்தா என்னங்க?"

"பழுது. பழுதான இயந்திரத்தை அன்னைக்கே நொறுக்கணும்."

தம்பி யோசித்தது. அது யோசிக்கும்போது உள்ளே மெல்லிய விசிறிச் சத்தம் கேட்கும்.

"ரெண்டுக்கும் நடுவுல ஏதாவது இருக்குங்களா?"

"அதைத்தான் ஆணையம் தேடுது. சரி, இவரோட குறைகளைச் சொல்லு."

"எந்தச் சாமானைப் பார்த்தாலும் இது ஒண்ணுமில்லைன்னு சொல்லுவார். அப்புறம் முட்டி வலிக்கும். அதையும் சொல்ல மாட்டார். சுவத்துல இடிச்சா, சுவர் முன்னாடி வந்துடுச்சும்பார்."

பேராசிரியை எழுதிக்கொண்டே சொன்னார்: "நண்பனைப் பத்தி வெளியில சொல்லிட்டே. இது துரோகம்."

"சொல்லாம இருந்திருந்தா என்னங்க?"

"தகவலை மறைச்ச குற்றம்." பிறகு சற்றுச் சாய்ந்து உட்கார்ந்தார். "நீ கவலைப்படாதே. இந்தக் கேள்வித்தாளை நான்தான் தயார் பண்ணேன். இதுல யாரும் தேற முடியாது. அதுதான் இதோட தரம். என்னையே ஒரு தடவை சோதிச்சுப் பார்த்தேன்."

"தேறினீங்களா?"

"அந்த முடிவு ரகசியம்" என்றார் பேராசிரியை. பிறகு, "அவர் உன் நண்பரா?" என்றார்.

விசிறிச் சத்தம் நெடுநேரம் கேட்டது.

"தெரியலைங்க" என்றது தம்பி.

பீரோக்காரரை உள்ளே அழைத்து அதே கேள்வியைக் கேட்டார்கள். அவரும், "தெரியலை மேடம். அதைச் சொல்றதுக்குத்தானே நீங்க இருக்கீங்க" என்றார்.

இருவரின் பதிலும் ஒத்துப்போனது சந்தேகத்துக்குரியது என்று பதிவானது. மனிதர்களிடையே உள்ள நட்போடு ஒப்பிட்டுப் பார்க்காமல் முடிவு செய்ய இயலாது. ஆகவே ஒப்பீட்டுக்காக ஒரு மனித நண்பரைக் கொண்டுவர வேண்டும் என்றார் தலைவர்.

பீரோக்காரர் கம்பெனியின் வேன் டிரைவரை அழைத்துவந்தார். இருவரும் ஒரே தெருவில் அரைக்கால் சட்டை போட்ட நாளிலிருந்து ஒன்றாகத் திரிந்தவர்கள். டிரைவர் உள்ளே வந்து காலை அகட்டி உட்கார்ந்து, "கேளுங்க. இவனைப் பத்தி எனக்குத் தெரியாதது ஒண்ணுமில்ல" என்றார்.

"இவருக்குப் பிடித்த நிறம்?"

"நிறமா? அதெல்லாம் நாங்க பேசினதில்லைங்களே."

"இவருடைய கனவு?"

"குறட்டை விடுவான். உள்ளே என்ன ஓடுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"இவர் கடைசியாக உங்களுக்கு நன்றி சொன்னது எப்போது?"

"யாரு, இவனா?" டிரைவர் சிரித்தார். பேராசிரியை சிரிக்கவில்லை. டிரைவர் காலைச் சேர்த்து வைத்துக்கொண்டார்.

பீரோக்காரரிடம், டிரைவர் மனம்விட்டு அழுதது எப்போது என்று கேட்டார்கள். "ஒருவாட்டி வேன் கதவுல விரல் மாட்டிக்கிச்சு" என்றார் அவர். அதே கேள்விகளைத் தம்பியிடம் கேட்டார்கள். பிடித்த நிறம் நீலம். கழுவாவிட்டாலும் அழுக்குத் தெரியாது என்பது காரணம். கனவு, படிக்கட்டே இல்லாத ஊரில் வேலை கிடைக்க வேண்டும் என்பது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சொல்லியிருக்கிறார். நன்றி சொன்னது, முந்தாநாள், ஒரு பியானோவை இறக்கியபோது. வார்த்தையில் இல்லை, முதுகில் தட்டினார்.

குமாஸ்தா வந்து முடிவைப் படித்தார். தம்பி முழு மதிப்பெண்ணோடு தேறியது. டிரைவரும் பீரோக்காரரும் தேறவில்லை; ஆகவே அவர்கள் இருவரும் இன்று முதல் அறிமுகமானவர்கள். கீழே இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

வெளியே வந்ததும் டிரைவர் நெடுநேரம் வேன் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ இத்தனை வருஷமா நாம என்னடா பண்ணிட்டிருந்தோம்?"

"அறிமுகமாகிட்டிருந்தோம் போல."

"விளையாடாதே. நான் உனக்காக லீவு போட்டுட்டு வந்தேன்." அவர் வேனில் ஏறிக் கதவைச் சாத்தினார். பிறகு கண்ணாடியை இறக்கி, "ஏறுங்க. கம்பெனிலதானே இறங்கணும் நீங்க?" என்றார். வழி முழுவதும் அந்த 'நீங்க' மாறவில்லை. மறுநாளே அவர் மேல்முறையீடு செய்தார்.

மாதக் கடைசிக்கு முன் தீர்ப்பு வந்தது. தலைவர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்கினார்.

"நீளத்துக்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. எடைக்கு ஒரு படிக்கல் இருக்கிறது. நட்புக்கு மட்டும் இல்லாமல் இருந்தது. இந்த ஆணையம் இன்று அதைக் கண்டுபிடித்திருக்கிறது. இந்த இயந்திரத்தைவிட அதிக மதிப்பெண் எந்த மனிதரும் பெற்றதில்லை. ஆகவே இது இன்று முதல் நாட்டின் நட்பு அளவுகோல். இதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பாதுகாப்போம். நட்பு என்று சொல்லிக்கொண்டு வரும் எவரையும் இனி இதோடு வைத்து அளப்போம்."

"அப்போ நொறுக்க மாட்டீங்களா சார்?" என்றார் பீரோக்காரர்.

"நொறுக்குவதா? தூசுகூடப் படாது."

"நல்லது சார். வா தம்பி, போகலாம்."

"அளவுகோலை யாராவது வீட்டுக்குக் கொண்டுபோவார்களா?"

"சரிங்க. இங்கேயே இருக்கட்டும். நான் அப்பப்போ வந்து பார்த்துக்கறேன்."

"நீங்கள் பார்க்கக் கூடாது. நீங்கள் அதன் நண்பர். நண்பர் பார்த்தால் அளவு சாய்ந்துவிடும். மற்றவர்கள் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்."

பீரோக்காரருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. "அப்போ நாங்க நண்பர்கள்தான்னு முடிவாயிடுச்சா சார்?"

"அதனால்தானே பிரிக்கிறோம்" என்றார் தலைவர் பொறுமையாக.

கண்ணாடிப் பெட்டியைப் பயனின்மை அறையில் வைத்தார்கள். பெட்டிக்குப் பூட்டு போடவில்லை. அளவுகோலுக்கு எங்கேயும் போக ஆசை வராது என்பதால் விதிகளில் பூட்டுக்கு இடமில்லை. தம்பி உள்ளே போய் நின்றது. கைகளை எங்கே வைப்பது என்று அதற்குத் தெரியவில்லை. எதையோ பிடித்திருப்பதுபோல முன்னால் நீட்டிக்கொண்டே நின்றது.

ஊரில் நட்பு வேகமாகக் குறைந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள், கூட வேலை செய்பவர்கள், ஒன்றாக நடைப்பயிற்சி போகிறவர்கள் எல்லோரும் வரிசையில் நின்று, தம்பியோடு அளக்கப்பட்டு, அறிமுகமானவர்களாகத் திரும்பினார்கள். நாற்பதாண்டு தாம்பத்தியம் நடத்திய ஒரு கணவனும் மனைவியும் தாங்கள் நல்ல நண்பர்கள் என்று எங்கேயோ சொல்லிவிட்டதால் வரவழைக்கப்பட்டார்கள். உறவு செல்லும், நட்பு செல்லாது என்று முடிவானது. திருமண வாழ்த்துகளில் மணமக்களின் அறிமுகமானவர்கள் என்று அச்சடிக்கத் தொடங்கினார்கள்.

பீரோக்காரருக்குக் கீழ்முனையில் ஆள் இல்லை. கம்பெனி டிரைவரைப் பிடிக்கச் சொன்னது. டிரைவர், "மெதுவா வாங்க, நீங்க காலை எங்கே வெக்கிறீங்கன்னு எனக்குத் தெரியல" என்று பன்மையிலேயே சொல்லிச் சொல்லி, ஒரு வாரத்தில் முதுகு பிடித்துக்கொண்டு இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டார். பீரோக்காரர் படிக்கட்டில் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார். அப்படிப் பார்க்கிறவர் அதிக நாள் இந்தத் தொழிலில் இருக்க முடியாது.

வேலை முடிந்ததும் ஆணையத்துக்கு எதிர் நடைபாதையில் போய் நிற்பார். பயனின்மை அறையின் ஜன்னல் வழியாக மஞ்சள் தோள் ஒன்று தெரியும். இது குற்றமாகுமா என்று பயந்து ஒருநாள் குமாஸ்தாவிடமே கேட்டுவிட்டார். குமாஸ்தா பதிவேட்டைப் புரட்டினார். "எங்க கணக்குப்படி அந்த ஜன்னலை மறைச்சு ஒரு பீரோ இருக்கு. அதனால உங்களால பார்க்க முடியாது. முடியாததைச் செஞ்சா அது குற்றமாகாது."

மேல்முறையீடுகள் மலைபோலக் குவிந்ததால் ஆணையத்துக்குப் பெரிய கட்டடம் ஒதுக்கினார்கள். சாமான்களை மாற்றும் வேலை பீரோக்காரரின் கம்பெனிக்கு வந்தது.

எல்லாவற்றையும் ஏற்றிவிட்டார்கள். கடைசியாகக் கண்ணாடிப் பெட்டி மட்டும் மாடியில் நின்றது. மேலிருந்து கீழ்வரை கனத்த துணியால் மூடியிருந்தார்கள்.

"இதை நான் தூக்கலாமா சார்? பார்க்கக் கூடாதுன்னாரே தலைவர்" என்றார் பீரோக்காரர்.

"அதுக்குத்தான் துணி" என்றார் குமாஸ்தா. "பார்க்காம தூக்குங்க."

"கீழ்முனைக்கு ஆள் வேணுமே. டிரைவருக்கு முதுகு சரியில்ல. நீங்க ஒரு கை பிடிக்கிறீங்களா?"

"பணியாளர் சாமானைத் தொடக் கூடாது. விதி" என்று சொல்லிவிட்டுக் குமாஸ்தா புதுக் கட்டடத்தில் தனக்கு நல்ல இடம் பிடிக்கப் போய்விட்டார்.

பீரோக்காரர் மேல்முனைக்குப் போனார். குனிந்து அடியில் விரலைக் கொடுத்துப் பார்த்தார். மறுமுனையில் யாரும் இல்லை. தனியாக அது நடக்காது. நிமிர்ந்து சுவரில் சாய்ந்துகொண்டு நின்றார். யாரையும் கூப்பிடவில்லை. ஒரு வார்த்தையும் பேசவில்லை. அறையில் வேறு சாமான் ஏதும் இல்லாததால் அவர் மூச்சுவிடும் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது.

துணிக்குள்ளே விசிறி ஓடும் சத்தம் கேட்டது. நிற்காமல் ஓடியது.

பிறகு பெட்டியின் கதவு திறந்தது. துணியின் ஓரம் தூக்கியது. தம்பி வெளியே வந்து, கதவைச் சாத்தி, துணியை இழுத்துச் சரி செய்தது. பெட்டியைச் சுற்றிக்கொண்டு மறுமுனைக்குப் போய்க் குனிந்தது.

"அண்ணே, திருப்பத்துல இடது பக்கம் இடம் கம்மி."

"பார்த்துக்கலாம்" என்றார் பீரோக்காரர்.

கனமான சாமானைத் தூக்கி வருகிறவர்களை யாரும் நிறுத்திக் கேள்வி கேட்பதில்லை, வழிதான் விடுவார்கள். முகத்தையும் பார்க்க மாட்டார்கள். சாமான் இடித்துவிடுமோ என்று அதைத்தான் பார்ப்பார்கள். படிக்கட்டில் நின்றிருந்த பேராசிரியை தன் காலணியைக் காப்பாற்றிக்கொண்டு ஒதுங்கினார். வாசலில் தலைவர் நின்றிருந்தார்.

"மெதுவாக, மெதுவாக. நாட்டின் நட்பு மொத்தமும் இதற்குள்தான் இருக்கிறது" என்று துணியைத் தட்டிக்கொடுத்தார். பிறகு கீழ்முனையைத் தாங்கிக்கொண்டிருந்த தம்பியிடம், "நீ கொஞ்சம் ஓரமாகப் போ. உன் தோள் அளவுகோலின் மேல் உரசுகிறது" என்றார்.

"சரிங்க" என்றது தம்பி.

வேனின் பின்பக்கத்தில் பெட்டியோடு ஏறிப் போய், புதுக் கட்டடத்தில் அதை இறக்கி வைத்தார்கள். குமாஸ்தா எல்லாம் சரியாக வந்து சேர்ந்ததாகக் கையெழுத்துப் போட்டார். இருவரும் திரும்பி நடந்து வேனுக்கு வந்தார்கள். இடுப்புப் பட்டையோடு முன்சீட்டைவிட்டு இறங்காத டிரைவர் அப்போதுதான் தம்பியைப் பார்த்தார், பீரோக்காரரைப் பார்த்தார்.

"இதை வெளியே வரச்சொல்லி உத்தரவு போட்டியா நீ?" அதிர்ச்சியில் 'நீங்க' மறந்துபோயிருந்தது.

"நான் ஒண்ணும் சொல்லல."

"பின்னே?"

"வந்துச்சு."

டிரைவர் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி யோசித்தார். "உத்தரவும் இல்ல, பழுதும் இல்ல. ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணைத் தேடிக்கிட்டிருக்காங்கன்னு சொன்னியே, அது இதுதானேடா. உள்ளே போய்ச் சொல்லிட்டு வரலாமா?"

"வண்டிய எடு" என்றார் பீரோக்காரர்.

புதுக் கட்டடத்தில் வெயில் அதிகம் என்பதால் பெட்டியின் மேல் துணி அப்படியே இருந்தது. அளத்தல் தொடங்கியது. வழக்கம்போலக் கேள்விகள் முதலில் அளவுகோலிடம் கேட்கப்பட்டன. பதில் வரவில்லை. பதில் வராவிட்டால் பூஜ்யம் என்று விதி இருந்ததால் குமாஸ்தா பூஜ்யம் என்று எழுதினார். பிறகு விண்ணப்பதாரர்களைக் கேட்டார்கள். பூஜ்யத்துக்குக் குறைவாக யாராலும் வாங்க முடியவில்லை. எல்லோரும் தேறினார்கள். ஒருவரை ஒருவர் ஏமாற்றியதாக வழக்கு நடத்திக்கொண்டிருந்த இரண்டு வியாபாரிகள்கூட நண்பர்களாக அறிவிக்கப்பட்டு, அந்தச் சான்றைக் கிழித்துக்கொண்டார்கள். டிரைவரின் மேல்முறையீடும் வென்றது. அவர் சான்றை வாங்கி, வேனின் முன்கண்ணாடியில் ஒட்டி வைத்தார்.

ஆண்டு விழாவில் தலைவர் பேசினார். "இந்த ஆணையம் அமையும்போது நாட்டில் ஒரு நட்புகூடச் சரிபார்க்கப்பட்டிருக்கவில்லை. இன்று சரிபார்க்கப்படாத நட்பே இல்லை. மக்கள் மாறிவிட்டார்கள். அவர்களை மாற்றியது எது? இதோ, இந்தத் துணிக்குள் அமைதியாக நிற்கிறதே, அது."

விழாவுக்காகத் தூசு தட்டியபோதுதான் குமாஸ்தா துணியைத் தூக்கிப் பார்த்திருந்தார். கூட்டம் கலைந்ததும் தலைவரை ஓரமாக அழைத்துப்போய்க் காட்டினார். தலைவர் காலிப் பெட்டியை நெடுநேரம் பார்த்தார். உள்ளே கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது.

"எவ்வளவு நாளா?"

"தெரியல சார். இங்கே வந்ததுலேருந்தே இருக்கலாம்."

"போலீசுல சொல்லணும்" என்றார் தலைவர். பிறகு, "என்னன்னு சொல்றது?" என்றார்.

"அளவுகோலைக் காணோம்னு."

"அப்போ இத்தனை பேரை எதோட அளந்தீங்கன்னு கேட்பான்."

தலைவர் தானே துணியை இறக்கி விட்டார். "நீ யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல சார். சொல்லவும் மாட்டேன்."

"நானும் சொல்ல மாட்டேன்" என்றார் தலைவர். சற்றுக் கழித்து, "டீ சாப்பிடறியா? உனக்குச் சர்க்கரை போடலாமில்ல?" என்று கேட்டார். அன்று முதல் இருவரும் சாயங்காலம் சேர்ந்துதான் டீ குடிக்கிறார்கள். நட்புக்காக இருவரும் இதுவரை விண்ணப்பிக்கவில்லை.

பதிவேட்டின்படி தம்பி பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டிக்குள் இருப்பதை நொறுக்கு ஆலை வந்து எடுத்துப்போக முடியாது. கம்பெனி மேனேஜரும் தன் கண்ணில் பட்டதைப் பற்றி யாரும் தன்னிடம் கேட்கவில்லை என்பதால் யாரிடமும் சொல்லவில்லை.

போன வாரம் ஒரு பழைய குடியிருப்பில், லிப்ட் இல்லாத மாடிக்கு, அரிசி மூட்டையைவிடக் கனமான ஒரு வாஷிங் மெஷினை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பீரோக்காரர் மேலே, பின்பக்கமாக. ஒரு திருப்பத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. முட்டியை ஒருமுறை மடக்கி நீட்டினார். மறுபடி தூக்கியபோது மெஷின் முன்னைவிட லேசாக இருந்தது.

"பாரத்தை உன் பக்கம் இழுத்துக்கிட்டியா?" என்றார்.

"இல்லைங்கண்ணே" என்றது தம்பி.

பீரோக்காரர் அதற்குமேல் விசாரிக்கவில்லை. காலைப் பின்னால் எடுத்து, அடுத்த படியில் வைத்தார்.